பழைய அமெரிக்க வாஷிங் மெஷினின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

அமெரிக்காவிலோ கனடாவிலோ பழைய வீடு வாங்கியவர்கள் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும். பேஸ்மென்ட்டின் ஒரு மூலையில் முந்தைய வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு போக முடியாமல் விட்டுப்போன வாஷிங் மெஷின் ஒன்று நிற்கும். தூக்கி எறிவதா, ஓட்டிப் பார்ப்பதா என்று தெரியாது. இன்னும் சிலர் பழைய சாமான் விற்கிற இடத்தில் ஒன்றைப் பார்த்து ஆசைப்படுவார்கள். விற்பவர் "ஐம்பதுகளில் வந்தது" என்பார். பெரும்பாலும் அவருக்கும் தெரியாது, அவர் அப்பா சொன்னதைச் சொல்வார்.

புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மேலே பூசிய நிறத்தையும் மினுமினுப்பையும் வைத்து வயது சொல்லாதீர்கள். துணியிலிருந்து தண்ணீரை அந்த மெஷின் எப்படி வெளியேற்றுகிறது, மோட்டாரின் சுழற்சி தொட்டிக்கு எந்த வழியாகப் போகிறது, இந்த இரண்டையும் பாருங்கள். பெயின்ட் அடிக்கலாம், மூடியை மாற்றலாம், டயலைக்கூட வேறு மெஷினிலிருந்து கழற்றி மாட்டலாம், ஆனால் அடியில் இருக்கிற கியர் பெட்டியை வேறு காலத்துக்கு மாற்ற யாருக்கும் பொறுமை கிடையாது. கீழே வருவதை அதே வரிசையில் செய்யுங்கள், ஒரு மணி நேரத்தில் பெரும்பாலான அமெரிக்க மெஷின்களைச் சரியான பத்தாண்டுக்குள் கொண்டுவந்துவிடலாம்.

முதலில், பிளக்கைச் சொருகாதீர்கள்

எல்லாருக்கும் கை அரிக்கும், தெரியும். ஓடுகிறதா என்று ஒரு நொடி பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். 1940களின் மெஷின்களில் வயரின் மேலுறை ரப்பராகவோ துணியாகவோ இருக்கும், மடக்கினால் பொடிப்பொடியாக உதிரும். பிளக்கில் இரண்டு முனைதான் இருக்கும், எர்த்துக்கென்று தனியாக ஒரு பச்சை வயர் பின்னால் தொங்கும், அதைக் குளிர்தண்ணீர்க் குழாயில் கவ்வி வைப்பதுதான் அன்றைய வழக்கம். வீட்டுக் குழாய்கள் இப்போது பிளாஸ்டிக் ஆகிவிட்டதால் அந்த எர்த் எங்கேயும் போய்ச் சேராது. ஈரத் தரை, உலோக உடம்பு, எர்த் இல்லாத மோட்டார், இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு மல்டிமீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பிளக்கின் ஒவ்வொரு முனைக்கும் மெஷினின் வெற்று உலோகத்துக்கும் இடையே (பெயின்ட் இல்லாத ஒரு ஸ்க்ரூ தலை போதும்) தொடர்பு காட்டுகிறதா என்று பாருங்கள். டயலை 'ஆஃப்' நிலையில் வைத்து ஒரு முறை, துவைக்கிற நிலையில் வைத்து ஒரு முறை. எதிலும் தொடர்பு காட்டக் கூடாது. காட்டினால் உள்ளே எங்கேயோ வயர் உடம்பைத் தொடுகிறது, அதைக் கண்டுபிடிக்கிற வரை பிளக் பக்கமே போக வேண்டாம்.

அப்புறம் தொட்டியைக் கையால் சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் முரண்டு பிடித்தால் பரவாயில்லை, பல வருடம் நின்றதில் கிரீஸ் இறுகியிருக்கும். அசையவே இல்லை என்றால் பலம் போட்டுத் திருப்பாதீர்கள், உடையும். மோட்டார் பக்கத்தில் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கிற சின்ன டப்பா) இருந்து அதிலிருந்து எண்ணெய் மாதிரி கசிந்திருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். 1979-ல் அமெரிக்கா தடை செய்வதற்கு முன் அந்த எண்ணெயில் பிசிபி என்கிற நச்சு ரசாயனம் இருப்பது சாதாரணம். பிரேக் இருக்கிற இடத்தில் படிந்த தூசியைக் காற்றடித்து ஊதவும் வேண்டாம், பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

துணியைப் பிழிவது எது?

மெஷினின் மேல் இரண்டு ரப்பர் உருளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரு கம்பத்தில் பக்கவாட்டில் திரும்புகிற மாதிரி இருக்கிறதா? அது உருளை மெஷின். துணியை உருளைகளுக்கு நடுவே விட்டால் மறுபக்கம் தட்டையாகப் பிழிந்து வரும். 1930களின் அமெரிக்க வீட்டில் வாஷிங் மெஷின் என்றாலே பெரும்பாலும் இதுதான்.

இதில் அதிகம் கண்ணில் படுவது மேடாக். அயோவா மாநிலத்தின் நியூட்டன் என்ற சிற்றூரில் 1893-ல் கதிரடிக்கும் இயந்திரத்துக்கு உதிரிபாகம் செய்யத் தொடங்கிய கம்பெனி அது. பண்ணை வேலை இல்லாத மாதங்களில் விற்க ஏதாவது வேண்டுமே என்று 1907-ல் வாஷிங் மெஷின் பக்கம் வந்தார்கள். அந்தக் காலத்துத் தொட்டி மரம், காய்ந்தால் விரிசல் விட்டு ஒழுகும். 1919-ல் மேடாக் வார்ப்பு அலுமினியத்தில் தொட்டி செய்தது. 1922-ல் இன்னொரு பெரிய மாற்றம் வந்தது. அதுவரை துணியைக் கலக்குகிற கைகள் மூடியிலிருந்து கீழே தொங்கி, துணியைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போயின. கைரஃபோம் என்ற மாடலில் அந்த வேலையைத் தொட்டியின் அடியில் நின்ற இறக்கைகளுக்குக் கொடுத்தார்கள். அவை தண்ணீரைத் துணியின் ஊடாகத் தள்ளின, துணியும் குறைவாகக் கிழிந்தது. இன்று அமெரிக்க மெஷினின் நடுவில் நிற்கிற அந்தக் கம்பத்துக்கு வழி போட்டது இதுதான். எனவே கலக்குகிற கை மூடியிலிருந்து தொங்கினால் பெரும்பாலும் 1920களின் பாதிக்கு முந்தியது, அடியில் நின்றால் பிந்தியது.

மோட்டார் இருக்க வேண்டிய இடத்தில் உதைத்து ஸ்டார்ட் செய்கிற பெடலோடு சின்ன பெட்ரோல் இன்ஜின் இருந்தால் திகைக்காதீர்கள். 1914 முதல் மேடாக் இதை விற்றது. 1930களின் நடுவில் அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. புகை போக வளைகிற உலோகக் குழாய் ஒன்றை ஜன்னல் வழியாக வெளியே விடுவார்கள். இன்ஜின் இருந்தால் 1940க்கு முந்தியது என்று நினைத்துவிடக் கூடாது, மின்கம்பி போய்ச் சேராத ஊர்களில் அதற்குப் பிறகும் விற்றது.

உருளை மெஷினில் புதியவர்கள் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. பார்த்தால் தாத்தா காலத்துச் சாமான் மாதிரி இருக்கும், ஆனால் மேடாக் இதைச் செய்வதை நிறுத்தியது 1983-ல்! அதாவது டிஜிட்டல் கடிகாரம் வந்த பிறகும் இது புதிதாகக் கடையில் கிடைத்தது. காரணம் தண்ணீர்ச் சிக்கனம். ஒரே சோப்புத் தண்ணீரில் முதலில் வெள்ளைத் துணி, அடுத்து கலர், கடைசியில் அழுக்கான வேலை உடுப்பு என்று வரிசையாகத் துவைக்கலாம். கிணற்றுத் தண்ணீரை நம்பியிருந்தவர்களுக்கு ஆட்டோமேட்டிக் கட்டுப்படியாகவில்லை. நவீன வசதிகளைத் தவிர்த்து வாழ்கிற ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்தினர் பலர் இன்றும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள், அதனால் உதிரிபாகமும் கிடைத்துக்கொண்டிருக்கிறது.

உருளைக்கு மேல் பெரிய கைப்பிடி அல்லது அழுத்துப்பட்டி ஒன்று இருக்கும், தட்டினால் உருளைகள் உடனே விலக வேண்டும். விரலோ தலைமுடியோ சிக்கினால் உயிர் காப்பது அதுதான், வேலை செய்கிறதா என்று மோட்டார் ஓடாதபோதே பார்த்துவிடுங்கள். வேலை செய்யாவிட்டால் அந்த மெஷின் அலங்காரத்துக்கு மட்டும். பயன்படுத்தாத நாட்களில் உருளைகளை இறுக்கமாக விட்டுவைக்காதீர்கள், ரப்பர் ஒரு பக்கம் தட்டையாகிவிடும்.

உருளை இல்லை, பக்கத்திலேயே துணி பிழியத் தனிச் சுழல்தொட்டி இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் ஈசி கம்பெனியின் ஸ்பின்டிரையர், நியூயார்க் மாநிலத்தின் சிராக்கியூஸ் நகரில் செய்தது. அமெரிக்காவில் இந்த இரட்டைத் தொட்டி முறை ஐம்பதுகளுக்குப் பிறகு மிகவும் குறைந்துபோனது.

முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு இருக்கிறதா? அப்படியானால் பென்டிக்ஸாக இருக்கலாம். 1937-ல் வந்த இதுதான் வீட்டுக்கென்று வந்த முதல் ஆட்டோமேட்டிக். தண்ணீர் பிடிப்பது, துவைப்பது, அலசுவது, சுழற்றிப் பிழிவது எல்லாம் தானாக. ஆனால் அதிர்வைத் தாங்க ஸ்பிரிங் எதுவும் இல்லை. ஈரத்துணி ஒரு பக்கம் சேர்ந்து டிரம் சுழன்றால் மெஷின் நடக்கத் தொடங்கிவிடும் என்பதால் அதைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டியிருந்தது. அடிப்பகுதியில் கனமான போல்ட் துளைகள், அதில் சிமென்ட் துகள் ஒட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம். இதை வாங்குகிறவர்கள் தரையில் துளை போடத் தயாரா என்று முதலில் வீட்டில் கேட்டுவிடுங்கள். முகப்பு பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் வெஸ்டிங்ஹவுஸ், போல்ட் தேவைப்படாத முன்கதவு மெஷினை 1940-லேயே கொண்டுவந்தவர்கள் இவர்கள். ஐம்பதுகளின் சில வெஸ்டிங்ஹவுஸ் மாடல்களில் கதவையே தராசாக்கியிருப்பார்கள், திறந்த கதவின் மேல் துணியை வைத்தால் எவ்வளவு தண்ணீர் போதும் என்று காட்டும்.

1942-ல் போருக்காக அமெரிக்காவில் வீட்டு வாஷிங் மெஷின் உற்பத்தி நிறுத்தப்பட்டது, போர் முடிந்த பிறகுதான் மீண்டும் தொடங்கியது. யாராவது "1943 மாடல்" என்று விற்றால் அவர் சொல்கிற மற்றதையும் நம்பாதீர்கள்.

உள்ளே நடுவில் நிற்பது என்ன?

மேலே மூடி, உள்ளே துளையிட்ட தொட்டி, நடுவில் இறக்கையுள்ள கம்பம், அதே தொட்டி சுழன்று பிழியும்: இந்த அமைப்பு 1947-ஐ ஒட்டித்தான் பரவியது. ஜெனரல் எலெக்ட்ரிக், ஃப்ரிஜிடேர், சியர்ஸ் கடைகளின் கென்மோர் எல்லாம் அந்தச் சமயத்தில் வந்தவை. கென்மோரைச் செய்து கொடுத்த கம்பெனி 1950-ல்தான் வேர்ல்பூல் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

கம்பத்தை, அதாவது அஜிட்டேட்டரை, கையில் பிடித்துப் பாருங்கள். கறுப்பாக, கனமாக, தட்டினால் கல் மாதிரி ஒலித்தால் பேக்கலைட் என்ற பழைய கெட்டிப் பிளாஸ்டிக், அல்லது உலோகம் என்றால் அலுமினியம். இரண்டும் பெரும்பாலும் நாற்பதுகள், ஐம்பதுகள். இலேசான பிளாஸ்டிக் என்றால் அறுபதுகள் முதல். இரண்டு துண்டாக இருந்து, கீழ்ப்பாதி முன்னும் பின்னும் அசைய மேல்பாதியில் திருகாணி மாதிரி மரை ஓடினால் எழுபதுகளின் நடுவிலோ அதற்குப் பிறகோ வந்த வேர்ல்பூல் அல்லது கென்மோர். மேல்பாதியைக் கையால் திருப்பினால் ஒரு பக்கம்தான் போக வேண்டும். இரண்டு பக்கமும் சும்மா சுற்றினால் உள்ளே இருக்கிற சின்னப் பிளாஸ்டிக் பற்கள் தேய்ந்துவிட்டன. சில டாலர் விலை, பத்து நிமிட வேலை, ஆனால் அது தேய்ந்ததைக் காரணம் காட்டி நல்ல மெஷின்களைத் தூக்கி எறிந்தவர்கள் ஏராளம்.

ஃப்ரிஜிடேர் இதில் தனிப்பிறவி. ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சொந்தமாக இருந்த காலத்தில் அவர்களின் கம்பம் திரும்பாது, உரலில் உலக்கை போடுகிற மாதிரி மேலும் கீழுமாக இடிக்கும். அதில் துணி போகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். 1979-ல் ஜெனரல் மோட்டார்ஸ் அந்தப் பிரிவை விற்றது, அதோடு இந்த மெஷினும் போயிற்று. உதிரிபாகம் கிடைப்பது கடினம். எனவே முதல் மெஷினாக இதை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன், எவ்வளவு ஆசையாக இருந்தாலும்.

கம்பத்தின் தலையில் தட்டு மாதிரி ஒரு வடிகட்டி, அதன்மேல் ஓரத்திலிருந்து தண்ணீர் அருவியாக விழுகிற மூக்கு இருந்தால் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஃபில்டர் ஃப்ளோ. துணிப்பஞ்சு அந்தத் தட்டில் சேரும். ஐம்பதுகளில் தொடங்கி தொண்ணூறுகளின் நடு வரை இது ஓடியது. ஆகவே இதை வைத்துக் கம்பெனியைச் சொல்லலாம், காலத்தைச் சொல்ல முடியாது. அடுத்த வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

இனி குனிந்து அடியில் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒரு டார்ச் வேண்டும், தரையில் விரிக்கப் பழைய பாய் அல்லது அட்டை வேண்டும்.

அடியில் பெல்ட் இருந்து, கியர் பெட்டியின் மேல் இரண்டு மின்காந்தங்கள் ஒரு ஆடுகிற கையில் உட்கார்ந்திருந்தால் அது வேர்ல்பூலின் பெல்ட் மெஷின். 1947 முதல் எண்பதுகளின் நடு வரை அடிப்படை மாறாமல் ஓடிய அமைப்பு. மோட்டார் ஒரே பக்கம்தான் சுற்றும். துவைக்க வேண்டுமா, பிழிய வேண்டுமா என்று அந்தக் காந்தங்கள் மாறி மாறித் தூக்கிச் சொல்லும். ஓடும்போது 'டக்' என்று ஒரு சத்தம், சின்ன இடைவெளி, இன்னொரு 'டக்', பிறகு தொட்டி சுழலத் தொடங்கும். இந்தச் சத்தத்தைக் கேட்டுப் பழகியவர்கள் அடுத்த அறையில் இருந்தே மெஷின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். உறுதியான மெஷின், ஆனால் பெல்ட் மாற்றுவது பெரிய தொல்லை, தாங்கு கம்பிகளைக் கழற்றி உள்ளே கையை விட்டுப் படாத பாடு படவேண்டும். பெல்ட்டில் விரிசல் இருந்தால் விலை பேசும்போதே அதைச் சொல்லுங்கள்.

பெல்ட் இரண்டு இருந்து, மோட்டார் ஸ்பிரிங் பூட்டிய ஒரு தட்டின்மேல் முன்னும் பின்னும் நகர்ந்தால் மேடாக். 1956-ல் வந்த இந்த அமைப்பைப் பார்த்துத்தான் பலர் பழைய மெஷின் பித்து பிடித்து அலைகிறார்கள், நானும்தான். மோட்டார் ஒரு பக்கம் சுற்றினால் துவைக்கும். எதிர்ப்பக்கம் சுற்றினால் அடியிலுள்ள புல்லி ஒரு மரைத்தண்டில் ஏறி மேலே அழுத்தி பிரேக்கை விடுவிக்கும், தொட்டி சுழலும். மோட்டார் நின்றால் புல்லி இறங்கும், பிரேக் தானாகப் பிடிக்கும். தனி கிளட்ச் கிடையாது, மின்காந்தம் கிடையாது. ஈரத்துணியின் கனத்தில் தொட்டி உடனே வேகமெடுக்க முடியாதபோது நகர்கிற மோட்டார் பெல்ட்டைக் கொஞ்சம் வழுக்க விடும், கிளட்ச் செய்கிற வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். இவ்வளவு குறைந்த பாகங்களில் இவ்வளவு வேலையை வாங்கியது பெரிய சாமர்த்தியம் என்று நினைக்கிறேன். முன்பக்கத் தகட்டைக் கழற்றுவதும் எளிது, அடியில் இரண்டு ஸ்க்ரூ, அவ்வளவுதான். மெஷின் பழுதாகாததால் வேலையில்லாமல் தூங்கி வழிகிற ரிப்பேர்காரரை வைத்து 1967 முதல் அவர்கள் செய்த விளம்பரம் அமெரிக்கர் எல்லாருக்கும் தெரியும். விளம்பரம் என்றாலும் அதில் உண்மை இருந்தது. 2006-ல் மேடாக்கை வேர்ல்பூல் வாங்கியது, அடுத்த ஆண்டே நியூட்டன் தொழிற்சாலை மூடப்பட்டது.

பெல்ட்டே இல்லை, மோட்டாரும் கியர் பெட்டியும் நேருக்கு நேர் ஒட்டியிருக்கின்றன, மோட்டாரின் மறுமுனையில் பம்ப் இருக்கிறது: இது வேர்ல்பூல் 1982-ல் கொண்டுவந்த டைரக்ட் டிரைவ். அடுத்த முப்பது ஆண்டுகளுக்குக் கிட்டத்தட்ட அமெரிக்கா முழுக்க இதுதான். பழைய மெஷின்காரர்கள் இதை மட்டமாகப் பேசுவார்கள், "பிளாஸ்டிக் காலத்துச் சாமான்" என்று. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மோட்டாருக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே ரப்பரும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த ஒரு சின்ன இணைப்பு வைத்தார்கள், அதிகச் சுமை வந்தால் முதலில் அது உடையட்டும், கியர் பிழைக்கட்டும் என்று. அது உடைந்தால் அறிகுறி தெளிவு: மோட்டார் ஓடும், தண்ணீரும் வெளியேறும், ஆனால் துவைக்கவும் செய்யாது சுழலவும் செய்யாது. பம்ப் மோட்டாரின் மறுமுனையில் இருப்பதால் அதற்கு மட்டும் பாதிப்பில்லை. மேல்பெட்டியை அவிழ்த்து இரண்டு கிளிப்பை எடுத்தால் வெளிக்கூடு முழுதாகக் கையோடு வந்துவிடும், நின்றபடியே வேலை பார்க்கலாம். வாஷிங் மெஷினைக் கழற்றிப் பழக வேண்டும் என்றால் இதைவிட நல்ல ஆரம்பம் இல்லை.

டயல், பட்டன், நிறம்

இவை துணைச் சாட்சிகள் மட்டுமே.

டயலைச் சுற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். 'வாஷ் அண்ட் வேர்' என்று இருந்தால் ஐம்பதுகளின் கடைசி அல்லது அறுபதுகளின் தொடக்கம். 'பெர்மனென்ட் பிரஸ்' என்று இருந்தால் அறுபதுகளின் நடுவுக்குப் பிறகு. அப்போதுதான் இஸ்திரி தேவையில்லாத துணிகள் வந்தன, சூடான தண்ணீரோடு சுழற்றினால் அவற்றில் நிரந்தரச் சுருக்கம் விழுந்தது. பிழிவதற்கு முன் குளிர்தண்ணீர் கலந்து ஆறவைக்கிற ஒரு கட்டத்தையும் மெதுவான சுழற்சியையும் மெஷினில் சேர்த்தார்கள். துணிக்கடையில் நடந்த மாற்றத்துக்காக மோட்டாரையே மாற்றியிருக்கிறார்கள்!

தண்ணீர் வெளியேற இரண்டு ஹோஸ் இருந்தால் பயப்பட வேண்டாம். சோப்புத் தண்ணீரைப் பக்கத்துத் தொட்டியில் சேமித்து அடுத்த துவைப்புக்கு மறுபடி உறிஞ்சிக்கொள்கிற வசதி அது, ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அதிகம்.

நிறம்: ஐம்பதுகளில் இளஞ்சிவப்பு, மஞ்சள், நீலப்பச்சை. அறுபதுகளில் செம்பு நிறம். அறுபதுகளின் கடைசியிலிருந்து எழுபதுகள் முழுக்க வெண்ணெய்ப்பழப் பச்சையும் அறுவடைக் கதிரின் பொன்னிறமும். எழுபதுகளின் நடுவிலிருந்து பாதாம் நிறம். வெள்ளை எப்போதும் உண்டு. முனைகள் வட்டமாக இருந்து சட்டென்று நேர்கோடாக மாறியது 1957-ஐ ஒட்டி.

தகட்டைத் தேடுங்கள்

மூடியின் அடியில், டயல் பெட்டியின் பின்புறத்தில், அல்லது பின்பக்கம் கீழே, எங்காவது மாடல் எண் தகடு இருக்கும். துருவைச் சுரண்டாதீர்கள், எண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் துடையுங்கள். கென்மோர் என்றால் அது சியர்ஸின் பெயர்தான், செய்தவர் வேறு. மாடல் எண் 110 என்று தொடங்கிப் புள்ளி வந்தால் செய்தது வேர்ல்பூல், உதிரிபாகத்தை வேர்ல்பூல் பெயரில் தேடலாம். அடியில் பார்த்ததும் தகடும் ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகாவிட்டால் அடியில் பார்த்ததை நம்புங்கள்.

முதல் தண்ணீர்

வயரை மூன்றுமுனைப் பிளக்கோடு புதிதாகப் போட்டு, எர்த்தை உடம்போடு இறுக்கிய பிறகுதான் இது. மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கிற பாயின்ட்டில் மட்டும் சொருகுங்கள்.

ஆனால் முதலில் மின்சாரமே இல்லாமல், வாளியால் தண்ணீர் ஊற்றுங்கள், பாதித் தொட்டிக்கு. கழிவு ஹோஸைத் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தூக்கிக் கட்டுங்கள், கீழே தொங்கவிட்டால் தண்ணீர் தானாக இறங்கிப் போய்விடும், மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்துக் குழம்புவீர்கள். அடியில் வெள்ளைக் காகிதம் விரித்து ஒரு மணி நேரம் விடுங்கள். காகிதத்தில் தெளிந்த தண்ணீர் என்றால் ஹோஸ் அல்லது பம்ப், செலவு குறைவு. துருவும் கறுப்பும் கலந்து தொட்டியின் நடுவுக்கு நேர் கீழே சொட்டினால் சீலும் பேரிங்கும் போய்விட்டன, புதியவர் கைவைக்கிற வேலை இல்லை. எண்ணெய் என்றால் கியர் பெட்டி.

ஒழுகவில்லையா? இப்போது துணி போடாமல் துவைக்கிற நிலையில் ஓட்டுங்கள். டயலைக் கடிகாரம் சுற்றுகிற திசையில் மட்டும் திருப்பவேண்டும், பின்னால் திருப்பினால் பழைய டைமரின் உள்பற்கள் பாழாகும். ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள் (பிளக்கைப் பிடுங்கிவிட்டு). கை வைக்க முடியாத சூடு என்றால் மேற்கொண்டு போகாதீர்கள். சரியாக இருந்தால் தண்ணீரை வெளியேற்றி, வெறும் தொட்டியோடு பிழிய விடுங்கள். பழைய மெஷின்கள் பலவற்றில் மூடியைத் திறந்தாலும் சுழற்சி நிற்காது, நின்றாலும் பிரேக் மெதுவாகத்தான் பிடிக்கும். உள்ளே கைவிடுகிற பழக்கம் குழந்தைகளுக்கு மட்டும் இல்லை, நமக்கும் உண்டு.

எல்லாம் ஒழுங்காக நடந்தால் பழைய துண்டுகள் நாலைப் போட்டு ஒரு முழுச் சுற்று. வால்வில் ஹோஸ் மாட்டும்போது அதற்குள் இருக்கிற சின்ன வலையைக் கழுவுங்கள், துரு அடைத்திருக்கும். ஹோஸை மட்டும் பழசு போடாதீர்கள், ராத்திரி வெடித்தால் பேஸ்மென்ட் முழுக்கத் தண்ணீர். நுரை குறைந்த சோப்பு போதும், அதிக நுரை வந்தால் தொட்டிக்கும் வெளித்தொட்டிக்கும் இடையே சிக்கி, சுழல்வதற்கே மோட்டார் திணறும்.

ஊருக்கு அனுப்பலாமா?

கப்பலில் போடுகிற சாமானோடு இதையும் அனுப்பிவிடலாம் என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்க மெஷின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இந்தியாவும் இலங்கையும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை இறக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. நிமிடத்துக்கு 1725 சுற்று ஓடவேண்டிய மோட்டார் 1440-க்குப் பக்கத்தில் ஓடும், பிழிவது மந்தமாகும், டைமரின் 10 நிமிடம் 12 நிமிடமாகும், மோட்டாரும் கூடுதலாகச் சூடாகும். காட்சிக்கு வைக்கலாம், தினமும் துவைக்க வேண்டாம்.

ஊரில் ஓட்டத்தான் பழைய மெஷின் வேண்டும் என்றால் பிரிட்டனில் இருக்கிற உறவுக்காரர்களிடம் சொல்லி வையுங்கள். வேல்ஸின் மெர்தர் டிட்வில் நகரில் 1948 முதல் ஹூவர் செய்த சின்ன மெஷினில் நடுக்கம்பம் கிடையாது, தொட்டியின் பக்கச் சுவரில் ஒரு வட்டத்தட்டு சுழன்று தண்ணீரைச் சுழற்றும். அந்த மாதிரியைப் பார்த்துத்தான் ஜப்பானில் சான்யோ 1953-ல் தன் மெஷினைச் செய்தது. பிறகு ஜப்பானில் அந்தத் தட்டு தொட்டியின் அடிக்கு இறங்கியது, பக்கத்தில் பிழிகிற தொட்டியும் சேர்ந்தது, நம் வீடுகளின் செமி ஆட்டோமேட்டிக் அந்த வழியில் வந்ததுதான். அறுபதுகளின் ஹூவர் இரட்டைத் தொட்டி மெஷினுக்கு வோல்ட்டும் ஹெர்ட்ஸும் நம் ஊருக்குப் பொருந்தும். ஹீட்டர் இருக்கிற மாடலா என்று மட்டும் கேட்டுவிடுங்கள், இருந்தால் சாதாரண 5 ஆம்பியர் பாயின்ட் தாங்காது, 15 ஆம்பியர் வேண்டும். பிளக்கைத் திறந்து வயரின் நிறத்தையும் பாருங்கள். பழுப்பும் நீலமும் என்றால் 1970-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ போட்ட வயர். சிவப்பு, கறுப்பு, பச்சை என்றால் அதற்கு முந்தியது, அதை முழுக்கக் கழற்றி எறிந்துவிட்டுப் புது வயர் போட்ட பிறகு ஓட்டுங்கள்.